ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் படியுங்கள்

வேலூரில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும், இந்தப் பக்கம் பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கிற ஊர்களில் பல வீடுகளில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கியதாக இருக்கும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, லேப்டாப் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது தம்பி அதில் கல்லூரி விண்ணப்பம் போடுகிறான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அம்மாவின் பி.எஃப். கணக்கை அதில்தான் பார்க்கிறார்கள். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட் என்றால் ஜிஎஸ்டி கணக்கும் இ-வே பில்லும் அதே பெட்டியில்தான்.

முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேம்தான். பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. இன்றைக்கு பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே அது திணறும். "ரேம் போட்டா ஸ்பீடாயிடும்" என்று யாராவது சொல்வார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. போட்டு ரெண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் நீலத் திரை வரும், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். திரும்பக் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் கிடைக்கிற முதல் பதில்: "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் போட்டுடலாம்."

அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ரேம் மாற்றியதால் வந்த கோளாறை ஃபார்மேட் தீர்ப்பதில்லை. பழுதான ரேமை உள்ளே வைத்துக்கொண்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால், ஏறும்போதே அதன் ஃபைல்கள் சிதைந்து ஏறக்கூடும். ஒரு வாரம் கழித்து அதே நீலத் திரை வரும். ஃபார்மேட்டில் அழிந்துபோன சாதிச் சான்றிதழ் ஸ்கேனும், மதிப்பெண் பட்டியலும், மூன்று வருடத்து பில்களும் மட்டும் திரும்ப வராது.

போனில் சொல்லும் மெமரி வேறு

கடையில் பேசும்போது ஒரு குழப்பம் எப்போதும் வரும். போனில் "மெமரி ஃபுல்" என்றால் போட்டோ, வீடியோ சேமிக்கும் இடம் நிறைந்துவிட்டது என்று பொருள். ரேம் அதுவல்ல. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் விஷயங்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை அது. மின்சாரம் நின்றதும் மேசை காலியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்தான் பீரோ. போன் விளம்பரத்தில் "8+8 ஜிபி ரேம்" என்று போடுகிறார்களே, அதில் இரண்டாவது 8 உண்மையான ரேம் அல்ல, சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி ரேம் மாதிரி காட்டுவது. லேப்டாப்பில் போடுவது நிஜமான பொருள், அதனால் அது பொருந்தவும் வேண்டும், பழுதில்லாமலும் இருக்க வேண்டும்.

இந்த மேசையில் ஒரு மூலை உளுத்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவாக இருக்கும்போது அந்த மூலையை யாரும் தொடமாட்டார்கள். கணக்கு ஃபைல், பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றாகத் திறந்தால்தான் அங்கே ஏதாவது வைக்க வேண்டிவரும். அதனால்தான் "காலையில் நல்லாத்தான் ஓடிச்சு, ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் போச்சு" என்று ஆகிறது. அது ராசியும் இல்லை, வைரஸும் இல்லை.

நின்றுபோவதைவிட மோசமான ஒன்றும் உண்டு, நிற்காமலே தவறு செய்வது. பழுதான ரேமில் ஒரு ஃபைல் இருக்கும்போது அதில் ஒரு துளி மாறி, மாறியபடியே ஹார்ட் டிஸ்கில் சேமிக்கப்படலாம். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் பி.டி.எஃப். திறக்கும்போது "ஃபைல் சேதமடைந்துள்ளது" என்று வரும். இதெல்லாம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கூகுளின் சர்வர்களில் இருந்த ரேம்களில் 8 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஓர் ஆண்டுக்குள் பிழை வந்ததாகச் சொல்கிறது. சர்வர்களில் அத்தகைய பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வகை ரேம் இருக்கும். நம் வீட்டு லேப்டாப்பில் பொதுவாக அது கிடையாது.

முதலில் புது ரேமைக் கழற்றுங்கள்

பலரும் முதலில் செய்வது, எல்லாவற்றையும் பென்டிரைவில் காப்பி எடுப்பது. எண்ணம் சரி, வரிசை தவறு. பழுதான ரேம் உள்ளே இருக்கும்போது காப்பி எடுத்தால், காப்பியும் சிதைந்து வரலாம். எனவே முதல் வேலை புது ரேமைக் கழற்றிவிட்டு, பழைய ரேமை மட்டும் பழையபடி போட்டு கம்ப்யூட்டரை ஓடவைப்பது. மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை. ஓடியதும் முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து, ஒன்றிரண்டை உங்கள் போனில் திறந்து பாருங்கள். சரியாகத் திறக்கிறதா என்பதுதான் கேள்வி. சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் லேப்டாப்பை நம்பியே இருக்கத் தேவையில்லை.

இதற்காகவே ஒன்று சொல்ல வேண்டும்: ரேம் மாற்றும்போது பழைய ரேமைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். "இது இனிமே வேலைக்காகாது சார்" என்பார்கள். சின்னக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்.

கழற்றும் முறை கஷ்டமில்லை, ஆனால் அவசரம் கூடாது. விண்டோஸில் வெறுமனே ஷட் டவுன் கொடுத்தால் பல நேரம் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகப் பாதி நினைவை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் ரேமை மாற்றினால், எழும்போது குழம்பி நின்றுவிடுவது உண்டு. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போது முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றும் வகை என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கக்கூடும். திறக்கும் முன்பும் கழற்றும் முன்பும் போனில் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் மேல் இருக்கும் லேபிளையும் தெளிவாக எடுங்கள், பிறகு எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

அரசு வழங்கிய மடிக்கணினியோ, சொந்தமாக வாங்கியதோ, உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் சேவை மையத்தை முதலில் கேளுங்கள்.

ஒன்றொன்றாக மாற்றுவது

பழைய ரேமோடு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் கோளாறு புது ரேமில் இல்லை. மூடியைத் திறந்து மாட்டியபோது ஹார்ட் டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கலாம், விசிறியின் வயர் கழன்றிருக்கலாம், அல்லது பத்து வயது ஹார்ட் டிஸ்க் தற்செயலாக இதே வாரத்தில் சாகத் தொடங்கியிருக்கலாம். ரேம் போட்ட பிறகு வந்தது என்பதால் ரேமால்தான் வந்தது என்று ஆகிவிடாது.

பழைய ரேமோடு நன்றாக ஓடினால், அதைக் கழற்றிவிட்டு புது ரேமை மட்டும் அதே ஸ்லாட்டில் போடுங்கள். லேப்டாப் ரேமைச் சுமார் 30 பாகை சாய்வில் உள்ளே முழுக்கத் தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப் "டிக்" என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து, தங்கநிறப் பற்கள் வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. ஆன் செய்ததும் கறுப்புத் திரையும் பீப் சத்தமும் வந்தால், பத்தில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது, காசு செலவில்லாத திருத்தம்.

பிறகு இரண்டாவது ஸ்லாட்டில் இதையே செய்து பாருங்கள். சில மாடல்களில் ஒரு ஸ்லாட் பின்மூடியைத் திறந்தால் தெரியும், இன்னொன்று கீபோர்டுக்கு அடியில் இருக்கும், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். இப்போது கணக்கு எளிது. புது ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் தகராறு செய்தால் அந்த ரேமே பழுது, அல்லது உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தாதது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் தகராறு என்றால் ஸ்லாட் பழுது. தனித்தனியாக இரண்டும் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் ஜோடி சேரவில்லை. ஒரே வேகம், ஒரே வோல்டேஜ், முடிந்தால் ஒரே கம்பெனி என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

வோல்டேஜ் விஷயத்தில்தான் பழைய லேப்டாப்களில் பலர் ஏமாறுகிறார்கள். டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் ரேமுக்கு 1.35 வோல்ட். இரண்டும் 204 முனைகள், வெட்டுப் பள்ளமும் ஒரே இடத்தில், ஸ்லாட்டில் அழகாகப் போய் உட்காரும். ஆனால் இன்டெலின் நான்காம் தலைமுறை லேப்டாப் பிராசசர்கள் 1.35 வோல்ட் ரேமைத்தான் கேட்கின்றன. அதில் சாதா டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாமல் போகலாம், ஆனாலும் நிலையாக ஓடாமல் போகலாம். லேபிளில் "3எல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்4-க்கு 260 முனைகள், பள்ளமும் வேறு இடத்தில், அது பழைய ஸ்லாட்டில் நுழையவே நுழையாது, அந்த வகையில் நல்லதுதான். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு போட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ரேம் தாங்காத வேகத்தில் ஓடவிட்டாலும் நீலத் திரை வரும்.

நீலத் திரை வரும்போது பதற்றத்தில் அணைத்துவிடாதீர்கள். கீழே "ஸ்டாப் கோட்" என்று ஒரு வரி இருக்கும், போனில் படம் எடுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்றோ, பேஜ் ஃபால்ட் என்றோ இருந்தால் ரேம் மேல் சந்தேகம் வலுக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரி வந்தாலும் ரேமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சோதித்தே பார்த்துவிட வழி உண்டு, அதுவும் இலவசம். விண்டோஸ் தேடல் பெட்டியில் "மெமரி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்று வரும். ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள். சோதனை ஓடும்போது எஃப்1 அழுத்தி "எக்ஸ்டெண்டட்" தேர்ந்தெடுத்தால் ஆழமாகப் பார்க்கும். அதில் பிழை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால், மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, சார்ஜர் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒண்ணு ரெண்டு பிழை வரத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

ரேம் சரியென்று உறுதியான பிறகும் விண்டோஸ் முரண்டு பிடித்தால், அப்போது விண்டோஸின் ஃபைல்களைச் சரிபார்க்கும் "எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்" கட்டளையை ஓடவிடச் சொல்லுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஃபார்மேட் போடுவதில் தப்பில்லை. அது கடைசிப் படி.

நின்றுபோவது அல்ல, போட்ட ரேம் கணக்கில் தெரியவில்லை என்பது இன்னொரு புகார். அது பெரும்பாலும் பழுதே இல்லை. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இருந்தால் 2 ஜிபியோடு சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதால், விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று ரேம் வாங்குகிறவர்களும் உண்டு. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசசரும் வேண்டும். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் எவ்வளவு ரேம் போட்டாலும் அது வராது. காசு போடும் முன் யோசிக்க வேண்டிய இடம் இது.

கொலுசு கறுக்கிற ஊரில்

தோல் பதனிடும் ஊர்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேனரியில் தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலந்தாலோ, தேங்கி அழுகினாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகிய முட்டை வாடை அதுதான். மூடிய தொட்டிக்குள் அது மனித உயிரையே எடுத்துவிடும். திறந்த காற்றில், மிகக் குறைந்த அளவில், மனிதர்களுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் உலோகம் அதை உணரும். வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுப்பது இந்த கந்தகத்தால்தான்.

கம்ப்யூட்டருக்குள் வெள்ளியும் செம்பும் இருக்கின்றன. 2006-இல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பல சர்க்யூட் போர்டுகளுக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சு போட ஆரம்பித்தார்கள். காகித ஆலை, கழிவுநீர் நிலையம் போன்ற கந்தகக் காற்று உள்ள இடங்களில் அந்த போர்டுகளில் அரிப்பு படர்ந்து கோளாறுகள் வந்தது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. ரேமின் பற்களில் இருப்பது தங்கப் பூச்சு. தங்கம் கறுக்காது, ஆனால் பூச்சு மிக மெல்லியது. தேய்ந்த இடத்திலும் நுண்துளைகளிலும் அடியில் இருக்கும் செம்பு வெளிப்பட்டு அரிக்கலாம். வருடக்கணக்கில் காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் இப்போதுதான் ரேம் போடுகிறீர்கள் என்றால், அதன் முனைகளில் படிவு இருக்க வாய்ப்பு உண்டு. கழற்றி மாட்டியதும் சரியாகி, சில வாரத்தில் மறுபடி வருகிற கோளாறு என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

துடைப்பதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பேனா அழிக்கும் சொரசொரப்பு ரப்பரால் அழுத்தித் தேய்ப்பது. பளபளக்கும், ஆனால் தங்கப் பூச்சு போய்விடும். இரண்டாவது நம் பகுதிக்கே உரியது: ஷூ கம்பெனி வேலையில் பசை துடைக்கும் தின்னர் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அதைத் தொட்டுத் துடைத்துவிடுவார்கள். அது ஸ்லாட்டின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, பிசிறில்லாத துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். யூனிட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதை பஃபிங் தூசியிலிருந்தும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்தும் தள்ளி, கதவு சாத்துகிற அறையில் வையுங்கள். தோல் தூசி விசிறியை அடைத்து ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

"வேலூர் வெயிலுக்கு ரேம் தாங்காது" என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். மேலே சொன்ன அதே 2009 ஆய்வு, சாதாரண இயக்க வெப்பத்தில் ரேம் பிழைக்கும் வெப்பத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை என்கிறது. வெயிலில் பிராசசர் சூடேறி லேப்டாப் அணைந்துபோவது உண்டு, அதற்கு விசிறியைச் சுத்தம் செய்ய வேண்டும். பழுதான ரேமை மாற்றித் தராமல் வெயில் மேல் பழி போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடையில் என்ன கேட்பது

புது ரேம்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், அது உங்கள் செலவு அல்ல. பல நிறுவனங்கள் ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பில், லேபிள் படம், நீலத் திரைப் படம், சோதனை முடிவின் படம் என எல்லாம் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கும். அவற்றோடு போய், உங்கள் கண் முன்னால் சோதனை ஓடவிடச் சொல்லுங்கள். பில் இல்லாமல் "நூறு ரூபா கம்மி" என்று வாங்கியிருந்தால் இங்கேதான் கஷ்டம். அடுத்த முறை வாங்கும்போது பில்லில் ரேமின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு 2019 நவம்பரிலிருந்து மாவட்டம் திருப்பத்தூர் என்பதை விலாசம் எழுதும்போது மறந்துவிடாதீர்கள். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போனிலிருந்தே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

இதற்கிடையே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால், லேப்டாப் சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குச் செல்லுங்கள், அல்லது டிஜிலாக்கரில் ஏற்றிவைத்த சான்றிதழைக் கொண்டு போனிலேயே முடித்துவிடுங்கள். பழுது பார்த்த லேப்டாப்பில் ஏற்கெனவே சேமித்திருந்த பி.டி.எஃப்.களை மட்டும், எங்கேயும் அனுப்பும் முன் ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.